தொழிற்சங்கம்: எங்கே கைகொடுக்கும், எங்கே இடிக்கும்?

யாழ்ப்பாணத்தில் சங்கம் இல்லாத சந்தி இல்லை. கூட்டுறவுச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம், வர்த்தகர் சங்கம், முச்சக்கர வண்டிச் சங்கம், பழைய மாணவர் சங்கம் என்று எத்தனையோ. அதனால் 'தொழிற்சங்கம்' என்ற சொல்லும் அந்த வரிசையில் இன்னொன்றாகக் காதில் விழுந்து போய்விடுகிறது. தனியார் பஸ் ஓடாவிட்டால் தொழிற்சங்கத்தைத் திட்டுகிறோம். ஹர்த்தாலுக்குக் கடை பூட்டினால் அதையும் வேலைநிறுத்தம் என்கிறோம். வைத்தியசாலையில் கிளினிக் நடக்காத அன்று 'சங்கம் எண்டாலே கரைச்சல்தான்' என்று திரும்பி வருகிறோம். இந்த மூன்றும் மூன்று வேறு விடயங்கள். இவற்றைப் பிரித்துப் பார்த்தால்தான் தொழிற்சங்கத்தால் யாருக்கு என்ன நன்மை, என்ன நட்டம் என்று கதைக்க முடியும்.

## எது தொழிற்சங்கம், எது வேறு

கூட்டுறவுச் சங்கத்தில் அங்கத்தவர்களே உரிமையாளர்கள். லாபமும் நட்டமும் அவர்களுடையவை. வர்த்தகர் சங்கம் கடை முதலாளிமாரின் கூட்டு. தனியார் பஸ் உரிமையாளர் சங்கம் கட்டண உயர்வுக்காக ஓட்டத்தை நிறுத்தினால் அது முதலாளிமார் எடுத்த முடிவு. அன்றைக்குச் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள் சாரதியும் நடத்துனரும். ஹர்த்தால் ஒரு அரசியல் எதிர்ப்பு. அதில் கடையைப் பூட்டுபவர் முதலாளி, அங்கே வேலை செய்யும் பிள்ளைக்கு அதில் கேள்வி கேட்க இடமே இல்லை.

தொழிற்சங்கம் என்பது சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள், சம்பளம், வேலை நேரம், லீவு, பாதுகாப்பு, வேலைநீக்கம் ஆகியவை பற்றி முதலாளியுடன் சேர்ந்து கதைப்பதற்காக அமைக்கும் கூட்டு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு பொருளில்தான் வருகிறது.

## பங்குக் கிணறு

எங்கள் காணி உறுதிகளில் 'கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் பாத்தியதையும்' என்று ஒரு வரி இருக்கும். ஐந்தாறு துண்டுத் தோட்டத்துக்கு ஒரு கிணறு. ஒருவர் தனியே வெட்டிக் கட்ட முடியாத கிணற்றை எல்லோரும் சேர்ந்து வெட்டினார்கள். முறை வைத்து இறைப்பார்கள். தூர்ந்தால் ஒன்றாக இறைத்துச் சேறு அள்ளுவார்கள், செலவைப் பங்கு வீதம் போடுவார்கள்.

இதில் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். சேர்ந்ததால் தண்ணீர் கிடைத்தது. சேர்ந்ததாலேயே ஒருவர் தன் விருப்பத்துக்கு இறைக்க முடியாமலும் போனது: உங்கள் வெங்காயம் வாடினாலும் உங்கள் முறை வரும்வரை நில்லுங்கள். மூன்றாவது, சேறு அள்ளும் நாளில் தலைகாட்டாத பங்காளியும் அடுத்த கிழமை வாளியோடு வந்து நிற்பார்.

தொழிற்சங்கமும் இப்படித்தான். முப்பது பேர் வேலை செய்யும் புடவைக் கடையை எடுங்கள். ஒரு பிள்ளை 'இந்தச் சம்பளம் காணாது' என்று விலகினால் கடைக்கு முப்பதில் ஒரு பங்கு குறையும், இரண்டு நாளில் வேறு ஆள் வரும். அந்தப் பிள்ளைக்கோ வருமானம் முழுவதும் போய்விடும். ஆகவே தனியாகக் கேட்பவருடைய சொல்லுக்கு எடை இல்லை. முப்பது பேரும் ஒரே நாளில் ஒரே விடயத்தைக் கேட்டால் தராசு ஓரளவுக்கு நேராகும். இப்படி எல்லோர் சார்பிலும் ஒரு தரப்பு பேசி, முடிவு எல்லோருக்கும் பொருந்துவதைக் கூட்டுப் பேரம்பேசல் என்பார்கள்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: பலர் ஒரே குரலில் பேசுவதுதான் தொழிற்சங்கத்தின் பலம். அதனால் வரும் சிக்கல்களும் அதே ஒரே குரலில் இருந்துதான் வருகின்றன. தண்ணீரையும் முறைக்காகக் காத்திருப்பதையும் பிரிக்க முடியாது.

## ஏழு பேரும் நாற்பது வீதமும்

இலங்கை அரசியலமைப்பின் 14 ஆவது உறுப்புரை தொழிற்சங்கம் அமைக்கவும் சேரவும் உள்ள சுதந்திரத்தை அடிப்படை உரிமையாக வைத்திருக்கிறது. நடைமுறைக்கான சட்டம் 1935 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். குறைந்தது ஏழு அங்கத்தவர்கள் கையொப்பமிட்டு, யாப்பின் பிரதியோடு, உத்தியோகத்தர்களின் விபரங்களையும் சேர்த்துத் தொழிற்சங்கப் பதிவாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். சங்கம் அமைத்து மூன்று மாதத்துக்குள் இதைச் செய்ய வேண்டும். பொலிஸாரும் முப்படையினரும் தொழிற்சங்கம் அமைக்க முடியாது.

பதிவு ஏன் முக்கியம்? பதிவு பெற்ற சங்கத்துக்குத்தான் சட்டத்தின் காப்பு உண்டு. தொழில் பிணக்கு ஒன்றில் வேலையை நிறுத்தச் சொன்னதற்காக மட்டும் அதன் மீது நட்டஈட்டு வழக்குப் போட முடியாது. பதிவில்லாமல் வட்ஸ்அப் குழு ஒன்றை வைத்து 'நாங்கள் சங்கம்' என்று கதைக்கப் போய், முதற் கூட்டத்திலேயே 'நீங்கள் யார்?' என்ற கேள்வியோடு திரும்பியவர்கள் உண்டு.

அடுத்த எண் நாற்பது. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கு 1999 இல் ஒரு திருத்தம் வந்தது. வேலைத்தலத்தில் சங்கம் யாருக்காகப் பேச வருகிறதோ அந்த ஊழியர்களில் குறைந்தது 40 வீதமானோர் அதன் அங்கத்தவர்களாக இருந்தால், முதலாளி அதோடு பேரம்பேச மறுக்க முடியாது. 50 பேர் என்றால் 20 பேர். 9 பேர் என்றால் 4 பேர். ஏழு பேரோடு பதிவு செய்யலாம், ஆனால் ஐம்பது பேர் உள்ள இடத்தில் அந்த ஏழு பேரால் பேச்சுவார்த்தை மேசையைக் கட்டாயப்படுத்த முடியாது. பலர் தடுக்கி விழும் இடம் இது.

அதே திருத்தம் வேறு சில செயல்களையும் குற்றமாக்கியது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலைநீக்கம் செய்வது, சேராமல் இருக்கச் சலுகை தருவதாகச் சொல்வது, சங்க வேலையில் தலையிடுவது எல்லாம் அதில் அடங்கும். இவற்றுக்கு நீதியற்ற தொழில் நடைமுறை என்று பெயர். ஆனால் இதற்காக நீதிமன்றம் போவது தொழில் திணைக்களத்தின் கையில் இருக்கிறது. பாதிக்கப்பட்டவர் நேரே போய் வழக்குப் போட முடியாது. அந்த வழி மெதுவானது, தொழிலாளிக்கு இது பெரிய குறை.

## சங்கம் சும்மா இருக்கும் நாளில் என்ன செய்கிறது

செய்தியில் வருவது வேலைநிறுத்தம். சங்கத்தின் உண்மையான பயன் செய்தியில் வராத நாட்களில் இருக்கிறது. ஒரு கணக்கைக் கிட்ட நின்று பார்ப்போம்.

கடை, அலுவலக ஊழியர்களுக்கான 1954 ஆம் ஆண்டுச் சட்டப்படி சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. அதற்கு மேல் செய்வது மேலதிக நேரம், அதற்கு ஒன்றரை மடங்கு கொடுக்க வேண்டும். மாதச் சம்பளம் 36,000 ரூபா வாங்கும் ஒரு விற்பனையாளர் என்று வையுங்கள். அதை 240 ஆல் பிரித்தால் மணித்தியாலத்துக்கு 150 ரூபா, மேலதிக நேரத்துக்கு 225 ரூபா. காலை 9 மணிக்கு வந்து, சாப்பாட்டு நேரம் ஒரு மணித்தியாலம் போக, மாலை 6 மணிக்கு 8 மணித்தியாலம் முடிகிறது. 'சனம் நிக்குது, கொஞ்சம் நில்லு பிள்ளை' என்று தினமும் 7 மணி வரை நின்றால், 25 நாளுக்கு 5,625 ரூபா. தீபாவளி, தைப்பொங்கல் காலத்தில் இன்னும் கூட.

அந்தப் பிள்ளை இதைத் தனியாகக் கேட்பது கடினம். முதலாளி பெரும்பாலும் ஊர் ஆள், இல்லாவிட்டால் சொந்தக்காரர், அப்பாவுக்குத் தெரிந்தவர். 'அண்ணை, எனக்கு ஓவர் டைம் தரேல்லை' என்று கேட்டால் அது கணக்கு என்ற இடத்தை விட்டு நன்றிகெட்டதனம் என்ற இடத்துக்குப் போய்விடும். சங்கக் கிளையின் கடிதம் அதே கேள்வியைப் பெயர் சொல்லாமல் கேட்கிறது: 'எமது அங்கத்தவர்களுக்கு மாலை 6 மணிக்குப் பின்னரான வேலைக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு வழங்கப்படுவதில்லை.' கேட்டது எந்தப் பிள்ளை என்று தேட வழியில்லை. யாழ்ப்பாணத்துக்கு இதைவிடப் பெரிய நன்மை வேறில்லை என்றே சொல்வேன்.

ஊழியர் சேமலாப நிதியும் இப்படித்தான். தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதம் வெட்டி, முதலாளி 12 வீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளி மட்டும் 3 வீதம். சம்பளத் துண்டில் வெட்டியதாக இருக்கும், நிதியில் போய்ச் சேர்ந்திருக்காது. அடிப்படைச் சம்பளத்தைக் குறைத்துக் காட்டி மிச்சத்தை 'அலவன்ஸ்' என்று எழுதுவதும் நடக்கும். இருபது வருடம் கழித்து இளைப்பாறும் நாளில் தெரியவந்தால் பிடிப்பது கடினம். வருடத்துக்கொரு முறை எல்லோருடைய கணக்குக் கூற்றையும் வாங்கிச் சரிபார்க்கும் சங்கக் கிளை இதை முதல் வருடத்திலேயே கண்டுகொள்ளும்.

வேலைநீக்கத்திலும் சங்கத்துக்கு இடம் உண்டு. வேலைநீக்க முறைப்பாடுகளை விசாரிக்கும் தொழில் நியாய சபையில் ஊழியர் சார்பாகச் சங்கமே விண்ணப்பம் செய்யலாம். சட்டத்தரணிக்குக் காசு கட்ட முடியாதவருக்கு இது சின்ன விடயம் இல்லை.

முதலாளிக்கும் இதில் ஆதாயம் உண்டு. முப்பது பேரோடு முப்பது பேச்சு இல்லை, ஒரு பேச்சுப் போதும். மனக்குறை புகையாக இருக்கும்போதே தெரியும். இரண்டு வருடத்துக்குச் சம்பளச் செலவு இவ்வளவு என்று முன்கூட்டியே கணக்குப் போடலாம். நல்ல விற்பனையாளர் சொல்லாமல் கொள்ளாமல் அடுத்த கடைக்குப் போவதும் குறையும்.

## கூட்டு ஒப்பந்தம்: எழுத்தில் வந்த சொல்

பேரம்பேசல் முடிந்து எழுத்தில் வருவது கூட்டு ஒப்பந்தம். அதைத் தொழில் ஆணையாளருக்கு அனுப்பி வர்த்தமானியில் வெளியிட்டதும், ஒவ்வொரு ஊழியருடைய வேலை ஒப்பந்தத்திலும் அது எழுதப்பட்டதற்குச் சமம். வாய்ச்சொல்லுக்கு இந்தப் பலம் இல்லை. முகாமையாளர் மாறினால் அவர் தந்த வாக்கும் அவரோடு போய்விடும்.

ஒப்பந்தத்துக்கும் சட்டம் போடும் சம்பளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மலையகம் காட்டியது. பல வருடங்களாகத் தோட்டத் தொழிலாளர் சம்பளம் கூட்டு ஒப்பந்தத்தால் தீர்மானிக்கப்பட்டது. அதில் சம்பளத்தோடு வேலை நிபந்தனைகளும் இருந்தன. 2021 இல் சம்பள நிர்ணய சபையூடாக நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வந்தது. கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகின. அதன் பின் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவைக் கூட்டியதாகவும் வேலை நாட்களைக் குறைத்ததாகவும் பல தோட்டங்களில் முறைப்பாடுகள் எழுந்தன. சம்பள நிர்ணய சபை சம்பளத்தைச் சொல்லும். எத்தனை கிலோ, எப்படிப் பிணக்கைத் தீர்ப்பது என்பவற்றை ஒப்பந்தம்தான் சொல்லும்.

சுருக்கமாக: சட்டம் தருவது அடித்தளம். அதற்கு மேலே கட்டுவது ஒப்பந்தம். ஒப்பந்தத்துக்கு 40 வீத அங்கத்துவம் பலம்.

## வேலைநிறுத்தமும் அதன் கணக்கும்

வேலைநிறுத்தம் கடைசி ஆயுதம். கடிதம், கூட்டம், தொழில் திணைக்களத்தின் சமரசப் பேச்சு, நடுத்தீர்ப்பு என்று அதற்கு முன் பல படிகள் உள்ளன. அத்தியாவசியக் கைத்தொழில் என்று பிரகடனம் செய்யப்பட்ட இடத்தில் 21 நாள் எழுத்து அறிவித்தல் கொடுக்காமல் வேலைநிறுத்தம் செய்ய முடியாது.

கணக்கைப் பாருங்கள். 45,000 ரூபா சம்பளம் என்றால் நாளுக்கு 1,500. இருபது நாள் வேலைநிறுத்தத்தில் 30,000 ரூபா போய்விடும். வென்றது மாதம் 1,500 ரூபா உயர்வு என்றால், போனதை எடுக்க இருபது மாதம். இந்தக் கணக்கைப் போடாமல் அங்கத்தவர்களை வெளியே கூப்பிடும் தலைமை பொறுப்பற்ற தலைமை. ஆனால் உயர்வு அதோடு நிற்பதில்லை என்பதையும் சேர்க்க வேண்டும். சேமலாப நிதி அதன் மேல் ஏறும். பணிக்கொடை என்பது கடைசிச் சம்பளத்தில் பாதியை வேலை செய்த வருடங்களால் பெருக்கி வருவது. ஆகவே இருபது வருடம் வேலை செய்தவருக்கு அதே 1,500 ரூபாவால் பணிக்கொடையில் 15,000 ரூபா கூடும்.

தோற்றால் என்ன ஆகும் என்பதற்கு 1980 யூலை இருக்கிறது. அந்தப் பொது வேலைநிறுத்தத்தில் வேலைக்கு வராதவர்கள் பதவியைத் துறந்ததாகக் கருதப்பட்டார்கள். பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் வருமானம் இழந்தன. தொழிற்சங்க இயக்கம் அந்த அடியிலிருந்து எழும்ப நீண்ட காலம் எடுத்தது.

அரச துறையில் ஏன் அடிக்கடி வேலைநிறுத்தம் என்று கேட்பவர்கள் ஒன்றை அறிய வேண்டும். கைத்தொழில் பிணக்குகள் சட்டம் அரசாங்கத்தை வேலைகொள்வோராகக் கணக்கில் எடுப்பதில்லை. தனியார் ஊழியருக்கு உள்ள 40 வீத வாசல் ஆசிரியருக்கும் தாதியருக்கும் இல்லை. சுற்றறிக்கை வரும், ஆணைக்குழு வரும், பேச்சு மேசைக்குச் சட்டத்தின் கட்டாயம் இல்லை. அதனால் கடைசி ஆயுதம் முதலிலேயே வெளியே வந்துவிடுகிறது. சுகயீன விடுமுறைப் போராட்டம், அதாவது எல்லோரும் ஒரே நாளில் சுகமில்லை என்று லீவு போடுவது, அந்த நிலைமையில் பிறந்த வழி.

## இடிக்கும் இடங்கள்

முதல் இடி மூன்றாம் ஆளுக்கு. 2021 யூலையில் ஆசிரியர், அதிபர் சங்கங்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை நிறுத்தின. ஒக்டோபர் வரை அது நீடித்தது. கோரிக்கை நியாயமானது, அடுத்த வருடத் தொடக்கத்தில் சம்பளமும் கூடியது. ஆனால் கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டியிருந்த காலம் அது. ரியூசனுக்குக் காசு உள்ள வீட்டுப் பிள்ளை ஒருவாறு தப்பியது. கூலி வேலைக்குப் போகும் தாயின் பிள்ளைக்குக் கைத்தொலைபேசியில் வந்த பாடமும் நின்றது. விலையைக் கட்டியது அரசாங்கத்தைவிட அந்தப் பிள்ளை. இதை மறைத்துத் தொழிற்சங்கத்தை ஆதரிக்க என்னால் முடியாது.

இரண்டாவது, உள்ளே இருப்பவருக்கும் வெளியே நிற்பவருக்கும் இடையே விழும் கோடு. ஒரே அலுவலகத்தில் நிரந்தர ஊழியரும், வேறு இடங்களுக்கு ஆட்களை வேலைக்கு அனுப்பும் 'மான்பவர்' கம்பனியூடாக வந்தவரும் ஒரே வேலையைச் செய்வார்கள். சந்தா கட்டுபவர் நிரந்தர ஊழியர், சங்கம் அவருக்காகப் பேசும். உயர்வுக்கு இடம் வைக்க முதலாளி புதிய ஆட்களையெல்லாம் மான்பவரில் எடுப்பார். பத்து வருடத்தில் அங்கத்தவர் பாதியாகிவிடுவார்கள். வெளியே நின்றவரைச் சேர்க்காத சங்கம் தன் காலடி மண்ணையே இழக்கும்.

மூன்றாவது, சேறு அள்ள வராத பங்காளி. கூட்டு ஒப்பந்தத்தின் சலுகை அதே முதலாளியின் கீழ் அங்கத்தவர் அல்லாதவருக்கும் பொதுவாகப் போய்ச் சேரும். அப்படியென்றால் சந்தா ஏன் என்று நினைப்பவர் கூடுவார்கள், அங்கத்துவம் 40 வீதத்துக்குக் கீழே இறங்கும், அடுத்த பேச்சுக்கு மேசை இருக்காது.

நான்காவது கட்சி அரசியல். ஏழு பேர் போதும் என்பதால் ஒரே டிப்போவில் கட்சிக்கொரு சங்கம் முளைக்கிறது. இடமாற்றமும் பதவி உயர்வும் எந்தச் சங்கம் ஆட்சியில் உள்ள கட்சியோடு நிற்கிறது என்பதைப் பார்த்து நடக்கத் தொடங்கும். பிரிந்து நிற்கும் ஐந்து சங்கத்தில் எதற்கும் 40 வீதம் இராது. முதலாளிக்கு அதைவிட வசதி இல்லை.

கடைசியாக, சராசரி. ஒரே குரல் என்றால் திறமையாகச் செய்பவரும் நேரத்தைப் போக்குபவரும் பெரும்பாலும் சேவைக்கால வரிசையில் ஒரே உயர்வு பெறுவார்கள். கெட்டிக்காரருக்கு இது மனக்கசப்பு. பிடித்த ஆளுக்கு மட்டும் கூட்டிக் கொடுக்கும் முதலாளியிடம் வேலை செய்தவருக்கோ இதுவே நிம்மதி.

## சின்னக் கடைகளுக்கு என்ன வழி

யாழ்ப்பாணத்தில் ஏராளமான கடைகளும் பட்டறைகளும் பத்துப் பேருக்குக் குறைந்தவை. வேலைநீக்கத்துக்கு அனுமதி எடுக்க வேண்டும் என்ற 1971 ஆம் ஆண்டுச் சட்டமும், 1983 ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் 15 பேருக்குக் குறைந்த இடங்களுக்குப் பொருந்தாது. காப்பு மிகவும் குறைந்த இடத்தில்தான் சங்கமும் இல்லை.

ஒரு கடைக்குள் ஏழு பேரைத் தேடுவதைவிட, ஒரே தொழில் செய்பவர்கள் பல கடைகளிலிருந்தும் சேர்வது இங்கே பொருத்தமானது. ஏற்கெனவே பதிவான சங்கத்தில் கிளையாகச் சேர்வது இன்னும் இலகு. அப்படிச் சேரும்போது யாப்பையும் கணக்கையும் தமிழில் கேளுங்கள். பல சங்கங்களின் தலைமையகம் கொழும்பில், கடிதங்கள் வேறு மொழியில் வரும், விளங்காமல் கையொப்பமிட்டவர்கள் பின்னால் கஷ்டப்படுவார்கள். பதிவு இலக்கத்தைப் பாருங்கள். சந்தாவுக்குப் பற்றுச்சீட்டு வாங்குங்கள். வருடக் கணக்கைக் காட்டத் தயங்கும் பொருளாளரிடம் இரண்டாம் மாதச் சந்தாவைக் கொடுக்க வேண்டாம்.

முதலாளிக்கு முதற் கடிதம் கொடுக்கும்போது இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றில் 'கிடைத்தது' என்று திகதியோடு கையொப்பம் வாங்குங்கள், தர மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கடிதம் போய் ஒரு கிழமையில் கிளைச் செயலாளரை 'கல்லாவில் காசு குறைந்தது' என்று சொல்லி வேலையால் நிறுத்தினால், சங்க வேலைக்காகத்தான் நிறுத்தினார்கள் என்று தொழில் திணைக்களத்தில் காட்டுவதற்கு அந்தத் திகதியே பெரும்பாலும் முதல் ஆதாரமாக இருக்கும்.